டுவைட் கொடுக்காத வாக்கு

டுவைட் புருன்ஸை அடக்கம் செய்துவிட்டு வந்து கோயில் மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பிய்த்த கோழிக்கறி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், யாரோ கொண்டுவந்த பச்சை நிற ஜெல்லி. மெல் தன் காகிதத் தட்டோடு வந்து டுவைட்டின் மனைவி லூவானுக்கு எதிரே உட்கார்ந்தான். தட்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினான்.

"லூவான், இப்ப கேக்கறது தப்புதான். ஆனா மார்ச் வந்துடும். டுவைட்டோட டீமை என்ன பண்றது?"

லூவான் என்னைப் பார்த்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "ஏன், என்ன பண்ணணும்? அது அவனோடது. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மெல்லுக்கு நிம்மதி. எழுந்து நின்று அறிவித்தான். ஆண்கள் கை தட்டினார்கள். சாவு வீட்டுச் சாப்பாட்டில் கைத்தட்டலைக் கேட்டுப் பாதிரியார் திரும்பிப் பார்த்தார்.

அந்த டீம் நிஜ டீம் இல்லை. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பன்னிரண்டு ஆண்கள் வெகு காலமாக ஆடிவரும் கற்பனை பேஸ்பால் அது. ஆளுக்கொரு டீம். அதில் இருப்பவர்கள் நிஜ ஆட்டக்காரர்கள். அவர்கள் எங்கோ ஒரு மைதானத்தில் பந்தை அடித்தால், இங்கே ஒஹாயோவில் பன்றிக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கும் ஒருவனுக்குப் புள்ளி ஏறும். மற்ற ஊர்களில் ஆண்டுதோறும் டீமைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஆள் எடுப்பார்கள். எங்களவர்கள் நடத்துவது வம்ச லீக். ஒருமுறை எடுத்த ஆள், நீங்களாக விடும்வரை உங்களவன். பெரிய லீக்கை எட்டாத பதினேழு வயதுப் பையனைக்கூட எடுத்து வைத்துக்கொண்டு, அவன் தேறி வருவானா என்று வருஷக்கணக்கில் காத்திருக்கலாம். பெரும்பாலும் தேற மாட்டான். என் கணவன் நார்ப் அப்படிக் காத்திருந்தே தலை நரைத்தவன். ஒருமுறைகூடக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கோப்பை என்பது ஒரு பால் கேன். அதன் மேல் பழைய மட்டை ஒன்றைப் பொருத்தி டுவைட்தான் செய்து கொடுத்தான்.

ஆள் மாற்றுவதற்கு அவர்களிடம் எழுத்து கிடையாது. இருவர் கை குலுக்க வேண்டும், லீக்கைச் சேர்ந்த மூன்றாவது ஆள் ஒருவன் அதைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அப்புறம் லீக்கை நடத்தும் மெல் அதைக் கணினியில் ஏற்றுவான். வயலில், மதுக்கடையில், ஞானஸ்நான விருந்தில் என்று எங்கெங்கோ கை குலுக்கியிருக்கிறார்கள். பின்னால் நொந்துகொண்டவர்கள் உண்டு. மறுத்தவன் கிடையாது. அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

டுவைட்டின் டீமில் யாதியெல் பெகேரோ என்று ஒரு பையன் இருந்தான். டொமினிகன் நாட்டுக்காரன். பெயர் யாருக்கும் தெரியாதபோதே டுவைட் அவனை எடுத்துவிட்டான். போன கோடையில் அந்தப் பையன் டேட்டனில் சிறிய லீக்கில் ஆடிக்கொண்டிருந்தான். டுவைட் லூவானையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடிக்கடி போய்ப் பார்த்தான். இவளுக்கு ஆட்டம் புரியாது. கம்பளி நூல் எடுத்துப்போய்ப் பின்னிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பையன் ஓரமாகப் பறந்த பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்து, பிடித்தபடியே தடுப்பைத் தாண்டி இவர்கள் காலடியில் விழுந்தான். எழுந்ததும் முதல் வேலையாக, உருண்டுபோன நூல்கண்டைத் தேடி எடுத்துத் தூசியைத் தட்டி லூவானிடம் நீட்டினான். "ஒண்ணும் ஆகலையே, அம்மா?" என்று தெரிந்த இங்கிலீஷில் கேட்டுவிட்டு ஓடினான். திரும்பி வரும் வழியெல்லாம் டுவைட் அதையே பேசிக்கொண்டு வந்தானாம்.

"இவன் நம்ம பையன், லூ. யார் என்ன கொடுத்தாலும் இவனைத் தர மாட்டேன். உனக்குச் சொல்லிட்டேன் பாரு, இது வாக்கு."

அவர்களுடைய மகள் இண்டியானாபொலிஸில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு வருவாள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்திருந்த கடைசிக் கோடை அதுதான். ஜனவரியில் வாசல் பாதையில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது டுவைட் விழுந்தான். மண்வாரியைப் பிடித்த கையோடு கிடந்தான்.

அதன் பிறகு பனி பெய்த நாளெல்லாம், விடிவதற்குள் கர்ட் ஹோமன் தன் லாரியோடு வந்து லூவானின் பாதையில் கிடந்த பனியைத் தள்ளிக் கொடுத்தான். யாரும் கேட்கவில்லை. கர்ட்டும் லீக்கைச் சேர்ந்தவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவனை வெறுக்க நான் நிறைய முயன்றிருக்கிறேன். அந்தப் பனிதான் ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரமே லூவானின் கைபேசி ஒலிக்கத் தொடங்கியது. ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து, லீக் ஆட்கள் அனுப்பிய செய்திகளைக் காட்டினாள்.

"பாருடி ரீட்டா, எவ்வளவு அன்பா விசாரிக்கறாங்க. 'உனக்காகத் தினம் செபிக்கிறோம்.' அதுக்குக் கீழ பாரு. 'யாதியெலுக்குப் பதிலா ரெண்டு பேர் தர்றேன், யோசிச்சுப் பாரு.' இதென்ன, செபத்துக்குக் கட்டணமா?"

நார்ப் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தான். "கழுகுப் பசங்க. லூவான், ஒண்ணு சொல்றேன் கேளு. எவன் என்ன அனுப்பினாலும் தொடாத. நான் அனுப்பினாலும் தொடாத. இந்த வருஷம் சும்மா உக்காந்திரு. டுவைட் போட்ட பயிரு, தானா விளையும்."

"நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம்?" என்றாள் லூவான்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மண்டபத்தில் மீன் பொரிப்பார்கள். நார்ப்பும் கர்ட்டும் எப்போதும் எண்ணெய்ச் சட்டிப் பக்கம். மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை நான் கோஸ் சாலட் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனபோது இருவரும் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கர்ட்தான் பேசினான். நார்ப் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டியில் மீன் கருகிக்கொண்டிருந்தது. நான்தான் கத்தி அழைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, மண்டபத்தின் நிலவறையில் புது ஆள் எடுக்கும் கூட்டம். லூவான் டுவைட்டின் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். துணைக்கு நான். பீர் டப்பாக்கள், பன், ஆளுக்கொரு கணினி. எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கூடிவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான்.

மெல் தொடங்கப்போனான். கர்ட் கையை உயர்த்தினான்.

"அதுக்கு முன்னால ஒரு விஷயம். சொல்லவே கஷ்டமா இருக்கு. போன அக்டோபர்ல, மான் வேட்டைக் குடில்ல, டுவைட்டும் நானும் ஒரு டிரேடு பேசி முடிச்சோம். நான் ஹால்வர்சனைத் தர்றது, அவன் யாதியெலைத் தர்றது. கையும் கொடுத்துட்டோம். மார்ச்சுல எழுதிக்கலாம்னு விட்டுட்டோம். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

ஹால்வர்சன் ஒரு காலத்தில் பெரிய பெயர். லூவான்கூடக் கேள்விப்பட்ட பெயர். இப்போது முழங்கால் தேய்ந்து, ஓய்வு பெறப் போகிறான் என்று பேச்சு. அது அவளுக்குத் தெரியாது.

கடைசியில் உட்கார்ந்திருந்த ரஸ் புட்டாஃப் டப்பாவை மேசையில் வைத்தான். எங்கள் பங்கில் அவனோடு சண்டை போடாதவர் இல்லை. பாதிரியார் உட்பட.

"செத்தவன் கை கொடுத்தானா? சரிதான். எங்க அப்பா உனக்கு டிராக்டர் எழுதி வெச்சாரே, அதையும் இப்பவே சொல்லிடு."

"நீ வாயை மூடுடா ரஸ்."

"மூடறேன். யார்டா பாத்தது?"

"நார்ப் பாத்தான். எங்ககூடத்தான் குடில்ல இருந்தான். அவனைக் கேளு."

எல்லோரும் நார்ப் பக்கம் திரும்பினார்கள். அவன் கையில் பாதி கடித்த பன் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போலத் தட்டைத் தேடினான்.

"பேசிக்கிட்டாங்க" என்றான்.

"கை கொடுத்தாங்களா?" என்று மெல் கேட்டான்.

"நான் மான் வர்ற பக்கம் பாத்துட்டிருந்தேன். அந்தப் பையனைப் பத்தித்தான் பேச்சு. முடிஞ்சமாதிரிதான் இருந்துச்சு. எல்லாம் சரியா ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லையா? உனக்கா?" ரஸ் எழுந்துவிட்டான். "எட்டாம் வகுப்புல நான் எந்தப் பந்துல அவுட் ஆனேன்னு நேத்து மீன் வரிசையில நின்னு சொன்னவன்டா நீ. வெயில் எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு சொன்ன. அக்டோபர் ஞாபகம் இல்லையா?"

ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் கணினியைப் பார்த்துக்கொண்டார்கள். லூவான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நார்ப், சண்டை வேண்டாம். நீயே சொல்லு. டுவைட் தர்றேன்னு சொன்னானா?"

அவளுடைய குரலில் சந்தேகம் இல்லை. அவன் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"பேசினாங்க, லூவான்" என்றான் நார்ப்.

அவள் தொப்பியின் விளிம்பைத் தடவினாள். "சரி, எழுதிக்கோ மெல். என் வீட்டுக்காரன் கை கொடுத்துட்டு மறுத்தான்னு யாரும் சொல்லக் கூடாது."

கர்ட் எழுந்து வந்து அவளுக்குக் கை கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. பொய்யாகக் கலங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. மனிதர்களில் எனக்கு இன்றுவரை புரியாத இடம் அதுதான்.

வீட்டுக்குப் போகும் வழியில் நார்ப் வானொலியை வைத்தான். நான் அணைத்தேன்.

"என்ன பேசினாங்க?"

"அதான் சொன்னேனே."

"என்ன வார்த்தை பேசினாங்கன்னு கேக்கறேன்."

இரண்டு பண்ணைகளைத் தாண்டினோம். பிறகு சொன்னான். குடிலில் கர்ட் யாதியெலைக் கேட்டான். டுவைட் காபி புரையேறும்படி சிரித்தான். "அதுக்குப் பதிலா லூவானைக் கேளு. அதையாவது யோசிப்பேன்" என்றான். மூவரும் சிரித்த சிரிப்பில் வந்த மானும் ஓடிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

"அப்ப கை?"

"எந்தக் கையும் இல்ல."

"நார்ப்!"

"நான் பொய் சொல்லல ரீட்டா. பேசினாங்கன்னுதான் சொன்னேன். பேசினாங்கதானே?"

"கர்ட் உனக்கு என்ன தர்றேன்னான்?"

அவன் சாலையைப் பார்த்தபடியே இருந்தான். "ஜூலைல வெல்டனைத் தர்றேன்னான். என் டீமுக்கு ஓர் இடக்கை வீச்சாளன் மட்டும்தான் குறை. நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. உனக்குத் தெரியும்."

"'பொய்ச்சாட்சி சொல்லாதே'ன்னு எட்டாம் கட்டளை இருக்கறதும் உனக்குத் தெரியும்."

"அது கோர்ட்டுக்கு. இது விளையாட்டு."

"லூவானுக்கு இது விளையாட்டா?"

அவன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தான். நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவசரமாகத் தலையாட்டினான். "வேண்டாம், வேண்டாம். நானே சொல்றேன். ஈஸ்டருக்குள்ள சொல்லிடறேன்."

நான் நம்பினேன். ஒருவனுடைய வாயிலிருந்து வர வேண்டியதை இன்னொருவர் பிடுங்கிச் சொன்னால், அவனுக்கு அது திரும்பக் கிடைக்காது என்று நினைத்தேன். தினமும் செபமாலையில் ஒரு மணியை அவன் நாவுக்காக ஒதுக்கினேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை, பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நார்ப் ஒரு வருடமும் தவறியதில்லை. அந்த வருடமும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். அவனுக்கு முன்னால் இருந்த கிழவி உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும், வண்டியில் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லி வெளியே போனான். நான் முடித்து வந்தபோது அவன் வண்டிக்குள் உட்கார்ந்து ஆட்டக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈஸ்டர் திங்கட்கிழமை லூவான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஆப்பிள் கேக். பெரிய கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அவள் பெயர் எழுதிய காகித நாடா ஒட்டியிருந்தது. பாத்திரம் திரும்பி வருவதற்காக எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் ஒட்டுவோம்.

"இது நார்ப்புக்கு" என்றாள்.

"எனக்கு எதுக்கு?"

"அன்னிக்கு நடந்ததுக்கு. வேற யாரா இருந்தாலும் என் மேல பாவப்பட்டு, கை கொடுக்கலைன்னு சொல்லிருப்பாங்க. நீ உள்ளதைச் சொன்ன. டுவைட் பேர் கெடாம காப்பாத்தின."

நான் கத்தி எடுக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டேன். லூவான் நாற்காலியில் உட்கார்ந்து மேசைத் துணியின் ஓரத்தை நீவினாள்.

"ஒண்ணுதான் உறுத்துது. ஆகஸ்ட்ல என்கிட்ட வாக்குன்னான். நம்ம பையன்னான். அக்டோபர்ல போய் இவங்ககிட்ட கைமாத்திட்டான். அப்புறமும் ரெண்டு மூணு மாசம் என்கூடத்தானே இருந்தான்? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? இத்தனை வருஷத்துல இன்னும் எதையெல்லாம் இப்படி என்கிட்ட ஒண்ணு சொல்லி வெளிய ஒண்ணு பண்ணானோ. படுத்தா அதான் ஓடுது."

நார்ப் வாயைத் திறந்தான். நான் கத்தியோடு திரும்பினேன்.

"கேக் நல்லா வாசனையா இருக்கு" என்றான்.

அவள் போன பிறகு அவன் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அதைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினேன். கழுவி, காபி எந்திரத்துக்குப் பக்கத்தில், அவன் காலையில் கை நீட்டும் இடத்தில் வைத்தேன். "திருப்பிக் கொடுக்க வேண்டியது நீதான்" என்று மட்டும் சொன்னேன்.

பாத்திரம் அங்கேயே இருந்தது. மே போனது, ஜூன் போனது. தினமும் அதை ஓர் ஓரமாக நகர்த்திவிட்டுக் காபி ஊற்றிக்கொள்வான். நான் திரும்பவும் நடுவில் வைப்பேன்.

லூவானின் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரு வயல். அதைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். முதல் மாதங்களில் அந்த ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருப்பாள். இப்போது திரையை இழுத்து விட்டிருந்தாள். போர்வீரர் நினைவு நாளுக்கு ஊரே பூத்தொட்டி கொண்டுபோய் வைத்தது. டுவைட்டின் கல்லுக்கு முன்னால் அவன் மகள் வைத்துவிட்டுப் போன ஒரே தொட்டி காய்ந்துகொண்டிருந்தது. என் அம்மாவின் கல்லறைப் பூவுக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது அதற்கும் ஊற்றினேன்.

"நீ வரலையா?" என்று லூவானை ஒருமுறை கேட்டேன்.

"அங்க போய் என்ன பேசறதுடி? கேட்டா பதில் சொல்ற ஆளா?" என்றாள்.

ரஸ் கோயிலில் இடம் மாறி எங்களுக்குப் பின்வரிசைக்கு வந்துவிட்டான். பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரத்தில் நார்ப்பின் கையைப் பிடித்து, "சமாதானம் உண்டாகட்டும். ஞாபகம் வந்துச்சா?" என்பான். ஒவ்வொரு ஞாயிறும். நார்ப் முன்வரிசைக்கு மாறலாம் என்றான். நான் மறுத்துவிட்டேன். அதே ரஸ்தான் மழையில் லூவானின் நிலவறைக்குள் தண்ணீர் ஏறியபோது மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தான். புல் வெட்டியவன் கர்ட். ஒரே வீட்டுக்கு இரண்டு பேரும் உதவினார்கள். கடவுள் எதை யார் கணக்கில் எழுதினாரோ.

ஜூலையில் நார்ப்பின் டீமுக்கு வெல்டன் வந்தான். கர்ட் சொன்ன சொல் தவறவில்லை. மெல்லும் பார்க்க, கடைத்தெருவில் கை குலுக்கினார்கள். மாதம் முடிவதற்குள் நார்ப்பின் டீம் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. வாழ்க்கையில் முதல் முறை. அவன் எனக்குச் சொல்லவில்லை. மெல்லின் மனைவி சொல்லித்தான் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு நாள் பிற்பகல் தொலைபேசி அடித்தது. லூவான் கத்தினாள்.

"ரீட்டா! அவனைக் கூப்பிட்டுட்டாங்கடி! யாதியெல்! பெரிய லீக்கு! இன்னிக்கு சின்சினாட்டில ஆடறான், டிவில காட்டறாங்க! ரெண்டு பேரும் வந்துடுங்க. எனக்கு யார் அடிச்சா யாருக்குன்னு நார்ப் சொல்லணும்."

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நார்ப் மாடிக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். காபி எந்திரத்துக்குப் பக்கத்திலிருந்த பாத்திரத்தைத் தானாகவே எடுத்தான். துணியால் ஒருமுறை துடைத்தான். வண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். நான்தான் ஓட்டினேன்.

லூவான் அன்றும் ஆப்பிள் கேக் செய்திருந்தாள், வேறு பாத்திரத்தில். டுவைட்டின் தொப்பி அவன் நாற்காலியின் முதுகில் தொங்கியது. வெளியே வெயில் இன்னும் நன்றாக இருந்தது. ஆட்டம் தொடங்கியது. பையனுக்குத் தோள் அகன்றிருந்தது, ஆனால் அதே ஒல்லிக் கால்கள். முதல் முறை மட்டையோடு நின்றபோது மூன்று பந்துக்கும் மட்டையை வெறும் காற்றில் வீசி அவுட்டானான்.

"பயந்துட்டான் பாவம்" என்றாள் லூவான். "சாப்பிட்டானோ என்னவோ."

அடுத்த சுற்றில் அவன் பக்கம் சீறிவந்த பந்துக்குப் பக்கவாட்டில் பாய்ந்து, மண்ணில் சறுக்கிக்கொண்டே பிடித்தான். எழுந்து முதலில் பந்தைத் தட்டித் துடைத்தான். லூவான் கைகொட்டினாள்.

"பாத்தியா! என் நூல்கண்டையும் இப்படித்தான் தட்டினான். இதே மாதிரி! டுவைட் மட்டும்..." அதோடு நிறுத்திவிட்டாள். டுவைட்டின் பெயரை அவள் வாயில் கேட்டு வெகு நாள் ஆகியிருந்தது. முகம் திரும்பவும் மூடிக்கொண்டது.

"லூவான்" என்றான் நார்ப். பாத்திரம் இன்னும் அவன் மடியில்தான் இருந்தது. "டுவைட் அவனைத் தரல."

"என்ன?"

"கை கொடுக்கல. கர்ட் கேட்டான். டுவைட் சிரிச்சான். அவனைத் தர்றதுக்கு உன்னைத் தருவேன்னு கேலி பண்ணான். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்கும் இருந்துச்சு."

தொலைக்காட்சியில் யாரோ ஒருவனுடைய சாதனைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லூவான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நார்ப் வெல்டனைப் பற்றியும் சொன்னான். பட்டியலில் முதலிடம் என்பதையும் சொன்னான். எதையும் விட்டுவிடவில்லை. அதற்காக மட்டும் அந்த நேரத்திலும் நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

"ஒரு வார்த்தை போதுமே, நார்ப்" என்றாள் கடைசியில். "மார்ச்சுல. 'இல்ல'ன்னு ஒரே ஒரு வார்த்தை."

"தெரியும்."

"எனக்கு அந்தப் பையன் போனது பெருசில்ல. நான் அந்த மனுஷன் மேல கோவமா இருந்தேன். உனக்குப் புரியுதா? ஈஸ்டர்லேருந்து நான் அவன்கிட்ட போகல. பேசல. படத்தைத் திருப்பி வெச்சுட்டேன். அவன் ஒண்ணுமே பண்ணலையா? சொன்ன சொல்லுலதான் இருந்தானா?"

"இருந்தான்."

அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நார்ப்புக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் மெல்கிட்ட சொல்றேன்" என்றான் அவன். "எல்லாருக்கும் முன்னால சொல்றேன். வெல்டனைத் திருப்பிக் கொடுத்துடறேன். பையனை உன் பேருக்கே..."

"யார் பேர்ல இருந்தா என்ன? அவன் அங்க ஆடிட்டுத்தான் இருக்கான்." எழுந்தாள். "டுவைட் போனதுக்கு அப்புறம் எனக்கு இருந்தது அவன் சொன்ன சொல் மட்டும்தான். அதைத்தான் எடுத்தீங்க. அதை மெல் எதுல ஏத்துவான்?"

சமையலறைக்குள் போனாள். ஜன்னல் திரையை விலக்கும் சத்தம் கேட்டது. பிறகு இழுப்பறை, கத்தி. இரண்டு தட்டுகளில் கேக் கொண்டுவந்தாள். முதல் தட்டை நார்ப்பிடம் நீட்டினாள். ஒரு விருந்தாளிக்கு வெட்டும் அதே அளவு. அவன் மடியிலிருந்த காலிப் பாத்திரத்தை வாங்கி, அடியில் ஒட்டியிருந்த தன் பெயரைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

நாற்காலியிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க பாருங்க. அவன் அடிச்சா எனக்கு வந்து சொல்லுங்க."

பின்கதவு வழியாகப் போனாள். திரை விலகிய சமையலறை ஜன்னல் வழியே அவள் வயலோரம் நடப்பது தெரிந்தது. அந்த வருடம் அங்கே சோயா போட்டிருந்தார்கள். சோளமாக இருந்திருந்தால் மறைத்திருக்கும். கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வேகமாகப் போனாள். உள்ளே நுழைந்ததும் நடை தளர்ந்தது.

நார்ப் தட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடு" என்றேன்.

சாப்பிட்டான். ஒவ்வொரு வாயும் வெகு நேரம் மென்றான். கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டான். நான் தட்டைக் கழுவி வைத்தேன்.

ஏழாவது சுற்றில் யாதியெல் அடித்தான். பந்து இரண்டு பேருக்கு நடுவே விழுந்து சுவர்வரை ஓடியது. பையன் மைதானத்தின் இரண்டாம் தளம்வரை ஓடி நின்று, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கால்சட்டையின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். அரங்கமே எழுந்து நின்றது. அந்தப் புள்ளி கர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"நீ போய்ச் சொல்லேன்" என்றான் நார்ப்.

"அவ உன்கிட்டத்தான் சொன்னா."

அவன் எழுந்து பின்கதவைத் திறந்தான். படியில் ஒரு கணம் நின்றான். பிறகு சோயா வயலோரம், அவள் போன தடத்திலேயே நடந்தான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். தோட்டத்துக் கம்பிக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே தூரத்தில் லூவான் தரையில் உட்கார்ந்திருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்திருந்தாள். அவள் கைகள் அசைந்தன. பேசிக்கொண்டிருந்தாள்.

நார்ப் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றான். வெயில் இறங்கும்வரை உள்ளே போகவில்லை.